ஆக்ஸ்லரின் அளவைக் கோட்பாட்டு நூல்: சுங்கை சிப்புட்டில் அச்செடுத்துப் படித்த அனுபவம்

நூலின் பெயர் 'மெஷர், இன்டகிரேஷன் அண்ட் ரியல் அனாலிசிஸ்'. அளவைக் கோட்பாடு, அதாவது கணங்களின் நீளத்தையும் அதுபோன்ற அளவுகளையும் துல்லியமாக அளக்கும் கணிதப் பிரிவைச் சொல்லித்தரும் நூல். எழுதியவர் ஷெல்டன் ஆக்ஸ்லர். 2020இல் ஸ்பிரிங்கர் வெளியிட்டது. முதுகலை மாணவர்களுக்கென்று அவர்கள் நடத்தும், மஞ்சள் அட்டைக்குப் பேர்போன வரிசையில் 282ஆவது நூல். பன்னிரண்டு அத்தியாயங்கள், நானூறு பக்கத்துக்கு மேல். ஆசிரியரின் இணையத்தளத்தில் முழு நூலும் பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கிறது. வணிக நோக்கமில்லாமல் யாரும் நகலெடுத்துப் பகிரலாம் என்று உரிமத்திலேயே இருக்கிறது. நான் எட்டு மாதமாக இந்த ஒரே நூலோடு இருக்கிறேன். அதைப் பற்றியும், அதை எனக்கு அச்செடுத்துத் தந்த கடையைப் பற்றியும், எங்களைப் போன்ற ஊர்களில் இருந்துகொண்டு கணிதத்தில் முதுகலை படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

எனக்கு ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். மகாத்மா காந்தி கலாசாலை இருக்கிற ஊர் என்றால் பேராக்கில் பலருக்குத் தெரியும். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். பிறந்தது தோட்டத்து லயத்தில், இப்போது இருப்பது தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில். பகலில் இடைநிலைப்பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், மற்ற நேரத்தில் பகுதிநேரமாக முதுகலை. வாரக்கடைசியில் ரயில் ஏறிப் போய் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு இரவு திரும்புவேன். பல்கலைக்கழக நூலகம் எனக்கு அந்த ஒரு நாள்தான். ஈப்போ முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் அங்கே உள்ள புத்தகக்கடையில் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். பயிற்சி நூல்கள் கிடைக்கும், முதுகலைக் கணிதம் கிடைக்காது.

வகுப்பில் குறிப்பிட்டிருந்த பாடநூலின் விலை நூற்றுக்கணக்கான வெள்ளி. அதை வாங்கத் தயங்கிய பலர் எங்கிருந்தோ இறக்கிய திருட்டுப் பிரதியை வாட்சப்பில் அனுப்பிக்கொண்டார்கள். எனக்கும் வந்தது. கோணலாக ஸ்கேன் செய்த பக்கங்கள், நடுவில் பன்னிரண்டு பக்கம் இல்லை, கீழ்க்குறியீடுகள் எல்லாம் புள்ளியாகத் தெரிந்தன. அளவைக் கோட்பாட்டில் ஒரு கீழ்க்குறி தெரியாவிட்டால் அந்த வரியே போச்சு. வகுப்புக் குறிப்பும் உதவவில்லை. திரையில் ஓடிய படவில்லைகளில் தேற்றம் இருக்கும், நிரூபணத்துக்கு இரண்டு வரி இருக்கும், அடுத்த வில்லை வந்துவிடும். மூன்றாவது வாரம் ரயிலில் திரும்பும்போது, இந்தப் பாடத்தை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். அந்த நிலையில்தான் தைப்பிங்கில் இருக்கும் தோழி ஆக்ஸ்லர் நூலின் பிடிஎஃப்பை அனுப்பினாள்.

கைப்பேசியில் பத்துப் பக்கம் படித்தேன், கண் வலித்தது. அச்செடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் டவுனில் பிரதான சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் இருக்கும் போட்டோஸ்டேட் கடை அது. பள்ளிக்கூட வேலைத்தாள், நிலப்பத்திர நகல், கல்யாணப் பத்திரிகை, எல்லாம் அங்கேதான். கறுப்பு வெள்ளை ஒரு பக்கம் பத்துக் காசு. மொத்தம் நாற்பத்து மூன்று வெள்ளி, ரிங் பைண்டிங் ஒன்றுக்கு ஐந்து வெள்ளி வீதம் இரண்டு. ஒரே கட்டாகப் போட்டால் பிரித்து வைக்க முடியாது, ஆறு அத்தியாயம் ஆறு அத்தியாயமாக இரண்டாகப் போடுங்கள் என்று சொன்னது கடை அண்ணன்தான். அது நல்ல யோசனை. முதல் கட்டு இப்போது வகுப்புக்கும் பள்ளிக்கும் பையில் போகிறது, இரண்டாவது வீட்டிலேயே இருக்கிறது.

ஒரு சிக்கல் மட்டும் வந்தது. இந்த நூலில் வரையறைகள் எல்லாம் மஞ்சள் பெட்டிக்குள் இருக்கும், தேற்றங்கள் எல்லாம் நீலப் பெட்டிக்குள் இருக்கும். பிடிஎஃப்பில் பார்க்கும்போது அவ்வளவு உதவியாக இருக்கிறது. ஒரு சொல் எங்கே வரையறுக்கப்பட்டது என்று தேடும்போது கண் மஞ்சளை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் போதும். கறுப்பு வெள்ளையில் நீலம் சாம்பல் நிறமாக வந்துவிட்டது, மஞ்சள் காணாமலே போய்விட்டது. வரையறை எது, சாதாரணப் பத்தி எது என்று தெரியவில்லை.

கடைக்குத் திரும்பக் கொண்டுபோனேன். அண்ணன் ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மஞ்சள் மெஷினுக்குத் தெரியாது டீச்சர். கலர்ல அடிச்சா பக்கத்துக்கு அம்பது காசு ஆவும். நானூறு பக்கத்துக்கு எதுக்கு அவ்வளவு காசு? ஹைலைட்டர் ஒண்ணு வாங்கிக்கிட்டுப் போங்க."

அவர் சொன்னதைச் செய்தேன். ஒவ்வொரு அத்தியாயத்தையும் தொடங்கும் முன்பு, கைப்பேசியில் பிடிஎஃப்பை வைத்துக்கொண்டு, வரையறைகளைத் தாளில் தேடி மஞ்சள் பூசினேன். பூசுகிற சாக்கில் ஒவ்வொரு வரையறையையும் ஒருமுறை மெதுவாகப் படிக்க வேண்டி வந்தது. பிறகு அதை ஒரு பள்ளிக்கூட நோட்டில் தமிழில் என் வார்த்தையில் எழுதிக்கொள்ள ஆரம்பித்தேன். வெளி அளவை, அளவிடத்தக்க கணம், எளிய சார்பு என்று ஒவ்வொன்றும். தமிழில் எழுத முடியாத வரையறை எனக்குப் புரியவில்லை என்று தெரிந்துகொள்ள அது நல்ல வழி. கலர் அச்சு எடுத்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன். கறுப்பு வெள்ளையிலேயே எடுங்கள் என்றுதான் இப்போது மற்றவர்களுக்கும் சொல்கிறேன்.

இனி நூலுக்குள் போவோம்.

முதல் அத்தியாயம் ரீமன் தொகையீடு. இளங்கலையில் படித்ததுதானே என்று தாண்டிவிடாதீர்கள். ரீமன் தொகையீடு எங்கே கைவிடுகிறது என்பதை அந்த அத்தியாயம் காட்டுகிறது. விகிதமுறு எண்ணில் (பின்னமாக எழுத முடிகிற எண்ணில்) 1, மற்ற இடத்தில் 0 என்று மதிப்பு வரும் சார்பை ரீமன் முறையில் தொகையிட முடியாது. சார்புகளின் தொடர்வரிசை ஒன்று ஒவ்வொரு புள்ளியிலும் ஒருங்கினாலும், எல்லையையும் தொகையீட்டையும் இடம் மாற்ற முடியாமல் போகலாம். இந்த இரண்டு குறையையும் பார்த்த பிறகுதான் 1902இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெபேக் தன் முனைவர் ஆய்வில் எதற்காகப் புதிதாக ஒரு தொகையீட்டைக் கட்டினார் என்பது புரிகிறது. எங்கள் வகுப்பு நேராக வரையறையில் தொடங்கியது. தேவை என்னவென்று தெரியாமல் விடையைப் படித்தால் மனதில் நிற்காது.

இரண்டாவது அத்தியாயத்தில்தான் நான் அதிக நாள் இருந்தேன். ஒரு கணத்தின் நீளத்தை எப்படி அளப்பது? அதைத் திறந்த இடைவெளிகளால் மூடு, அந்த இடைவெளிகளின் நீளத்தைக் கூட்டு, எவ்வளவு குறைவாக மூட முடியும் என்று பார். அதுதான் வெளி அளவை. இதை வைத்துக்கொண்டு, எண்கோட்டில் உள்ள விகிதமுறு எண்கள் எல்லாவற்றின் மொத்த நீளமும் பூஜ்யம் என்று காட்டிவிடலாம். அவற்றை முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்த முடியும் அல்லவா. முதல் எண்ணை அரை சென்டிமீட்டர் நாடாவால் மூடு, இரண்டாவதைக் கால் சென்டிமீட்டரால், மூன்றாவதை அதில் பாதியால். எல்லாவற்றையும் மூடி முடித்தாலும் நாடா ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது. ஒரு சென்டிமீட்டருக்குப் பதில் இன்னும் சின்ன அளவில் தொடங்கினாலும் இதே கதைதான்.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறும்போது அப்பாவிடம் சொன்னேன். "ராத்திரி முழுக்க விளக்குப் போட்டுக்கிட்டு என்னம்மா படிக்கிற?" என்று கேட்டிருந்தார். எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் நடுவில் கணக்கில்லாமல் பின்னங்கள் நெருக்கிக்கொண்டு இருக்கும், இருந்தும் எல்லாம் சேர்ந்து நீளம் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பாலுக்கு எப்பவும் ரெண்டு கணக்கும்மா," என்றார் அப்புறம். "வாளியில எவ்வளவு நிக்குதுங்கிறது ஒண்ணு. அதுல ரப்பர் எவ்வளவுங்கிறது ஒண்ணு. ஸ்டோர்ல கணக்கெழுதுற கிராணி மெட்ரோலாக்கைப் போட்டுப் பாத்துட்டுத்தான் எழுதுவாரு. மழைத் தண்ணி கலந்துட்டா வாளி நிறைஞ்சிருக்கும், சரக்கு இருக்காது. நீ சொல்றது தண்ணிப் பால்."

மெட்ரோலாக் என்பது பாலில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கருவி. மரத்திலிருந்து வடியும் பாலில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். கூலி கணக்கிடுவது காய்ந்த ரப்பரை வைத்து. ஒரே வாளிக்கு இரண்டு அளவை என்பதை அப்பா வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தினமும் பார்த்திருக்கிறார். எண்ணிக்கை வேறு, அளவை வேறு என்பதை எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. நோட்டில் 'பூஜ்ய அளவைக் கணம்' என்ற வரையறைக்குப் பக்கத்தில் 'தண்ணிப் பால்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்து வந்ததுதான் நான் தடுக்கி விழுந்த இடம். 0 முதல் 1 வரை உள்ள மூடிய இடைவெளியின் வெளி அளவை 1 என்று காட்ட வேண்டும். ஒன்றுக்கு மேல் போகாது என்பது சுலபம். ஒன்றுக்குக் குறையாது என்பதற்கு என் பயிற்சித் தாளில் 'தெளிவு' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டேன். தாளைப் படம் பிடித்துத் தைப்பிங் தோழிக்கு அனுப்பினேன். நாங்கள் இருவரும் வாரம் இரண்டு நிரூபணம் மாற்றிக்கொள்வது வழக்கம். அவள் குரல் பதிவில் கேட்டாள்:

"ரேஷனல் எல்லாத்தையும் ஒரு சென்டிமீட்டர்ல மூடிட்டே. அப்ப 0லேர்ந்து 1 வரைக்கும் முழுசா மூட முடியாதுன்னு எப்படிச் சொல்ற? எங்க தெளிவு?"

என்னிடம் பதில் இல்லை. நூலில் அதே இடத்தைத் திருப்பிப் பார்த்தால், ஆக்ஸ்லர் இதைத்தான் எச்சரித்திருக்கிறார். இது வெளிப்படையாகத் தெரிவதுபோல் தோன்றும், ஆனால் மெய்யெண்களின் முழுமைப் பண்பை, அதாவது எண்கோட்டில் ஓட்டை எதுவும் இல்லை என்பதை, பயன்படுத்தாமல் நிரூபிக்க முடியாது. மெய்யெண்கள் எண்ணத்தக்கவையாக, அதாவது விகிதமுறு எண்களைப் போல வரிசைப்படுத்தக்கூடியவையாக, இருந்திருந்தால் இந்த நீளமும் பூஜ்யமாகியிருக்கும். அந்தப் பத்தியை நான் இரண்டு முறை படித்திருந்தேன். மஞ்சள் பெட்டியும் இல்லை, நீலப் பெட்டியும் இல்லை, அதனால் கண் வழுக்கிப் போய்விட்டது. ஹைன்-போரல் தேற்றம் அங்கேதான் வேலை செய்கிறது. 0 முதல் 1 வரை உள்ளதைப் போன்ற மூடிய இடைவெளியை முடிவில்லாத திறந்த இடைவெளிகள் மூடியிருந்தால், அவற்றில் முடிவுள்ள சிலவே மூடப் போதும் என்று அது சொல்கிறது. முடிவுள்ள எண்ணிக்கைக்கு வந்துவிட்டால் ஒவ்வொன்றாக ஒட்டிக் கூட்டி முடித்துவிடலாம். இளங்கலையில் ஹைன்-போரலைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். அது எதற்கு என்று பத்து வருடம் கழித்து, பள்ளி ஆசிரியர் அறையில், ஒரு குரல் பதிவால் தெரிந்தது.

இந்த நூலைப் பற்றிச் சொல்லும்போது இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பயிற்சிகளுக்கு நூலில் விடை கிடையாது. பயிற்சிகள் நிறைய, தரமும் நல்லது, ஒவ்வொரு பகுதிக்கும் கடைசியில் இருக்கின்றன. ஆனால் நீங்கள் எழுதியது சரியா என்று நூல் சொல்லாது. நிரூபணத்தில் ஓட்டை இருந்தால் எழுதியவர் கண்ணுக்குத் தெரிவது கடினம், நமக்கு எது தெளிவு என்று தோன்றுகிறதோ அங்கேதான் ஓட்டை இருக்கும். அதனால் படித்துப் பார்த்து 'எப்படி?' என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். உங்களைவிடக் கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை, விட்டுக்கொடுக்காமல் கேட்பவராக இருந்தால் போதும். பல்கலைக்கழக விடுதியில் இருப்பவர்களுக்குப் பக்கத்து அறையில் கிடைப்பார்கள். பாகானிலோ பஹாவிலோ பீடோரிலோ இருப்பவர்கள் தேடிப் பிடிக்க வேண்டும். வகுப்பு தொடங்கிய முதல் வாரமே ஒருவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அத்தியாயத்தில் இன்னொன்று, ஒன்றையொன்று தொடாத கணங்களின் வெளி அளவைகளைக் கூட்டினால் மொத்தக் கணத்தின் வெளி அளவை வராமலும் போகலாம் என்ற நிரூபணம். அதற்குப் பயன்படுவது 1905இல் இத்தாலியக் கணிதவியலாளர் வித்தாலி கண்ட வகைக் கணம். வகுப்பில் ஒரே வில்லையில் போய்விட்டது. நூலில் ஒரு பக்கத்துக்கு மேல் நிதானமாக இருக்கிறது. -1 முதல் 1 வரை உள்ள எண்களை, வித்தியாசம் விகிதமுறு எண்ணாக வந்தால் ஒரே குடும்பம் என்று பிரிக்கிறார். குடும்பத்துக்கு ஒருவரை எடுத்து ஒரு கணம் செய்கிறார். அதை -2 முதல் 2 வரை உள்ள ஒவ்வொரு விகிதமுறு எண் தூரமும் நகர்த்தி நகலெடுக்கிறார். நகல்கள் ஒன்றோடொன்று தொடாது, எல்லாம் சேர்ந்து -1 முதல் 1 வரை மூடும், -3 முதல் 3 வரைக்குள் அடங்கும். எண்ணத்தக்க நகல்கள் சேர்ந்து நீளம் 2ஐ மூடுவதால் ஒரு நகலின் அளவை பூஜ்யமாக இருக்க முடியாது. பூஜ்யமில்லை என்றால், வேண்டிய அளவு நகல்களை எடுத்துக் கூட்டினால் 6ஐத் தாண்டிவிடும். ஆனால் எல்லாமே 6 நீளத்துக்குள்தான் இருக்கின்றன. இதைப் படித்து முடித்த அன்று, வெள்ளைப் பலகையில் படம் போட்டு மகனுக்குக் காட்டினேன். அவன் ஆறாம் ஆண்டு. குடும்பத்துக்கு ஒருவர் என்பதுவரை அவனுக்குப் புரிந்தது.

மற்ற அத்தியாயங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றாவதில் தொகையீடு, அதில் ஒருபோக்கு ஒருங்கல் தேற்றமும் மேலாதிக்க ஒருங்கல் தேற்றமும் சுத்தமாக எழுதப்பட்டிருக்கின்றன. ஐந்தாவதில் பெருக்கல் அளவைகள், ஃபுபினி தேற்றம். ஆறிலிருந்து பனாக் வெளி, எல்-பி வெளி, ஹில்பர்ட் வெளி என்று போகிறது. சார்புப் பகுப்பாய்வு தனிப் பாடமாக வருகிறவர்களுக்கு அங்கேயும் இந்த நூல் கைகொடுக்கும்.

தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ராடோன்-நிகோடிம் தேற்றம் இதில் ஒன்பதாவது அத்தியாயத்தில்தான் வருகிறது. ஃபான் நாய்மனின் வழியில், ஹில்பர்ட் வெளியை வைத்து நிரூபிக்கிறார். நிரூபணம் மிக அழகு. ஆனால் ஹில்பர்ட் வெளி தெரியாமல் அங்கே போக முடியாது. பல பல்கலைக்கழகங்களில் இந்தத் தேற்றம் பருவத்தின் நடுவிலேயே வந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் நூலகத்தில் வேறு நூலில், குறியுள்ள அளவைகள் (எதிர்மறை மதிப்பும் வரக்கூடியவை) வழியாகப் படித்துக்கொள்ளுங்கள், விடுமுறையில் ஆக்ஸ்லரிடம் திரும்பி வரலாம். குறியீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளி அளவைக்கு இவர் மட்டுக்குறிபோல் இரண்டு கோடு போடுகிறார். உங்கள் விரிவுரையாளர் நட்சத்திரம் போட்ட கிரேக்க எழுத்தை எதிர்பார்க்கலாம்.

சுப்ரீமம், இன்ஃபிமம், மெய்யெண்களின் முழுமை எல்லாம் மறந்துபோய்விட்டது என்றால், அதற்கென்று ஒரு துணைநூலும் அதே தளத்தில் இலவசமாக இருக்கிறது. வேலைக்குப் போய்ப் பல வருடம் கழித்துப் படிக்க வந்தவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது. நான் தொடங்கவில்லை, பிறகு திரும்பிப் போனேன். நேரியல் இயற்கணிதத்துக்கு இவரே எழுதிய நூலின் நான்காம் பதிப்பும் இப்போது இலவசம்.

காணொளிகளையும் பார்த்தேன். எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் இலவச வகுப்புத் தளமான ஓப்பன்கோர்ஸ்வேரில் 18.102 என்ற சார்புப் பகுப்பாய்வு வகுப்பு இருக்கிறது, நடுவில் லெபேக் அளவையும் வருகிறது, குறிப்புகளும் பயிற்சித் தாள்களும் உண்டு. இந்தியாவின் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் திட்டத்தில் அளவைக் கோட்பாட்டுக்கே தனி வகுப்புகள் உண்டு. கரும்பலகையில் எழுதும் வேகத்தில் போவதால் எனக்கு அது ஒத்துவந்தது. இரண்டும் இலவசம். ஆனால் அத்தியாயத்தைத் தாளில் ஒருமுறை முட்டிப் பார்த்த பிறகே காணொளியைத் திறங்கள். முதலிலேயே பார்த்தால் எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும், பேனாவை எடுத்தால் முதல் வரி வராது. ஆய்வுக்கட்டுரைகளுக்கு ஆர்க்கைவ் (arXiv) என்ற இணையக் களஞ்சியம் போதும். 1991இலிருந்து இயங்குகிறது, கடவுச்சொல்லும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். பல்கலைக்கழகக் கணக்கு முடிந்துபோனாலும் அது திறந்தே இருக்கும்.

நேரத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நான் காலை நாலரையிலிருந்து ஆறு வரை படிக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், சில நாள் அரைப் பக்கம். நாவல் மாதிரி இருபது பக்கம் ஓட்ட முடியாத நூல் இது, அரைப் பக்கம் முடித்த நாளும் படித்த நாள்தான்.

முதல் கட்டின் அட்டை இப்போது பிய்ந்துவிட்டது. போன வாரம் கடைக்குக் கொண்டுபோனேன். அண்ணன் புரட்டிப் பார்த்துவிட்டு, மஞ்சள் பூசிய பக்கங்களை எண்ணிக்கொண்டே புது பிளாஸ்டிக் அட்டை போட்டுக் கொடுத்தார், இரண்டு வெள்ளி. ஐந்தாவது அத்தியாயத்தில் கடைசிப் பகுதி மிச்சம் இருக்கிறது. அடுத்த பள்ளி விடுமுறையில் நானும் தோழியும் ஆறாவதைத் தொடங்குகிறோம். சுங்கை சிப்புட், கோல கங்சார், தைப்பிங் பக்கம் யாராவது இதே பாடம் எடுத்திருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு, நிரூபணம் ஒன்றைக் கையால் எழுதிக்கொண்டு வந்தால் போதும்.